ஹார்மோன்கள் சுரப்பிகளில் மட்டும்தான் உருவாகின்றனவா?

இல்லை. பிட்யூட்டரி, தைராய்டு, அட்ரினல், கணையம், சூலகம், விந்தகம் என்று பள்ளியில் படித்த பட்டியல் சரிதான், ஆனால் அதோடு முடியவில்லை. சிறுநீரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் அது எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். உடனே எலும்பு மஜ்ஜை சிவப்பணு உற்பத்தியை முடுக்கிவிடும். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தசோகை வருவதற்கு இந்த ஹார்மோன் குறைவதே முக்கியக் காரணம். டயாலிசிஸில் இருப்பவர்கள் பலருக்கு இதையே ஊசியாகப் போடுகிறார்கள்.

அப்புறம், காலி வயிறு கிரெலினைச் சுரந்து பசியைக் கிளப்பும். கொழுப்புத் திசுவிலிருந்து பசியை அடக்கும் லெப்டின் வரும். இதயம்கூட ஒரு ஹார்மோனை அனுப்பி, உப்பைச் சிறுநீரில் வெளியேற்றச் சொல்லும்!

வேடிக்கை என்னவென்றால், 1902-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர்கள் கண்டுபிடித்த, முதல் ஹார்மோனாகக் கருதப்படும் செக்ரிட்டின் சுரப்பது சிறுகுடலில்தான். ‘ஹார்மோன்’ என்ற பெயரே அதற்குப் பிறகு, 1905-இல்தான் வந்தது.