அறுபது போட்டுக்கோ

அன்புள்ள ஐயா,

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 0, 5 என்று முடிகிற வயதுகளில் ஆட்கள் குவிந்து கிடப்பார்கள் என்றும், 2011-இல் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இன்னொரு மடங்கு செலவு செய்து சரியாகவே எடுத்துவிடலாமே?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

2011 பிப்ரவரியில் ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் நானும் படிவக்கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கியவன்தான். வயதைக் கேட்டால் ஒரு பாட்டி முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "அறுபது போட்டுக்கோ தம்பி" என்றார். பிறந்த தேதிக்கும் படிவத்தில் இடம் உண்டு. அது அவருக்குத் தெரியாது. எனக்கோ வீம்பு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயல் அடித்தபோது மூத்த மகனுக்கு என்ன வயது என்றேன். கைக்குழந்தை. கல்யாணம்? "பதினேழுல. மறு வருஷமே அவன்." கூட்டிக் கழித்து 64 என்று எழுதினேன். நடுவே புயல் கதை, கருப்பட்டிக் காப்பி. இருபது நிமிடம் போயிற்று.

சரி, கிடைத்தது என்ன? வயது பெரும்பாலும் ஐந்தைந்து ஆண்டுத் தொகுப்பாகத்தான் பயன்படுகிறது. 60-க்கும் 64-க்கும் ஒரே கட்டம். என்னைப் போல ஏறத்தாழ 27 லட்சம் பேர் வேலை பார்த்தோம். ஆளுக்கு இரண்டு நாள் கூடினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

அதே 'அறுபதை' 57 வயதுக்காரர் சொன்னால் கட்டம் மாறும், முதியோர் கணக்கு ஊதும். பாடுபட வேண்டியது அந்த எல்லைக்கோட்டில். அதையும் பக்கத்து வயதுகளைப் பார்த்து மேசையிலேயே ஓரளவு சமன் செய்துவிடலாம்.

விடுபட்ட ஆள் கதை வேறு. 121 கோடியில் ஆயிரத்துக்கு 23 என்றால் இரண்டே முக்கால் கோடிக்கு மேல். நகரங்களில்தான் அதிகம். இதைக் கண்டுபிடிக்கவே பிறகு சில இடங்களில் மட்டும் தனியாக ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். அந்தச் செலவு எனக்குச் சம்மதம். ஆனால் எத்தனை பேர் என்றுதான் அது சொல்லும். எந்த வீட்டு ஆள் என்று சொல்லாது.

ஆகவே கூடுதல் பணம் வந்தால் வயதுக்குக் கொடுக்காதீர்கள், பூட்டிய வீட்டுக்கு மூன்றாவது தடவை போக ஆட்டோ காசாகக் கொடுங்கள். நான் கணக்கெடுத்த பகுதியில் அப்படி ஒரு வீடு. இரண்டு தடவை பூட்டுதான். கடைசியில் ராத்திரி எட்டு மணிக்குப் போனேன். செங்கல் சூளையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். ஏழு பேர்.