வில்லன் சோப்ளாங்கி ஆனால்

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் ஒரு ரீமேக் படம் பார்த்தேன். மூலப்படத்தின் முக்கியமான காட்சிகள் அப்படியே இருந்தன. ஹீரோவும் நன்றாகவே நடித்திருந்தார். ஆனாலும் இடைவேளைக்கு அப்புறம் படம் படுத்துவிட்டது. வில்லன் சோப்ளாங்கியாக இருந்ததுதான் காரணம் என்கிறார் நண்பர். அது நடிகரின் குறைதானே, கதையை எப்படிக் கெடுக்கும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நடிகரை விட்டுவிடுங்கள், பாவம். எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் செய்திருப்பார்.

ரீமேக்கில் ஹீரோவின் காட்சிகளில் கைவைக்கப் பெரும்பாலும் யாருக்கும் துணிவு வராது. நீளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கத்திரி விழுவது வில்லன் பக்கம்தான். அவன் திட்டம் போடுவது, ஹீரோவை ஒருமுறை மடக்குவது எல்லாம் போய்விடும். ஆனால் அவற்றுக்கு பயந்து ஹீரோ பதுங்குவதும் பொய் சொல்வதும் மட்டும் அப்படியே இருக்கும். நாலு அடியாளுக்கும் ஒரு போன் மிரட்டலுக்கும் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நமக்குத் தோன்றாமல் என்ன செய்யும்?

'த்ருஷ்யம்' (2013), அதன் தமிழ் வடிவமான 'பாபநாசம்' (2015) இரண்டையும் இயக்கியவர் ஜீத்து ஜோசப். இரண்டிலும் ஐ.ஜி. கீதா பிரபாகராக வந்தவர் ஆஷா சரத். கீதாவை வில்லி என்று சொல்ல மனம் வராது, மகனைத் தேடும் தாய். ஆனால் கதையில் எதிராளி அவர்தான். (படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

சாட்சிகள் யாரும் பொய் சொல்லவில்லை, அவர்கள் நினைவில் தேதிதான் இடம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பவர் கீதா. நாயகன் எவ்வளவு பெரிய ஆள் என்பது அவர் வாயால்தான் நமக்கு முழுசாகப் புரிகிறது. அந்த இடத்தில் விசாரணை என்றால் அடி உதை என்று மட்டுமே தெரிந்த ஒரு அதிகாரியை வைத்துப் பாருங்கள். அன்று ஊரிலேயே இல்லை என்று காட்ட ஹீரோ வைத்திருக்கும் பஸ் டிக்கெட்டும் லாட்ஜ் பில்லும் வெறும் காகிதமாகிவிடும். ஹீரோ அடி வாங்கும் அப்பாவி, அவ்வளவுதான்.

'தனி ஒருவன்' (2015) தெலுங்கில் 'துருவா'வாக (2016) போனபோது ஹீரோ மாறினார், வில்லனாக நடித்த அரவிந்த்சாமி மாறவில்லை. சரியான முடிவு. கதையில் அந்த வில்லன் ஹீரோவின் உடம்புக்குள்ளேயே ஒட்டுக்கேட்கும் கருவியை வைத்துவிடுகிறான். அந்தக் கருவியை எடுத்துவிட்டால், ஹீரோவின் திட்டங்கள் ஏன் ஒவ்வொன்றாகச் சொதப்புகின்றன என்பதற்குக் கதையில் பதிலே இருக்காது.

நீங்கள் பார்த்த படத்தில் வில்லன் ஹீரோவை முதன்முதலாகத் தோற்கடிப்பது எந்தக் காட்சியில்? அப்படி ஒன்று இருந்ததா? மூலப்படத்தில் இருந்ததா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.