ஓவன் வேண்டாத ஹாலோவீன் தின்பண்டம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நியூ ஜெர்சியில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் அக்டோபர் 31 மாலை வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பும் முன் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். பதினொரு வருடமாக அப்படித்தான். இருபது பேருக்குக் குறையாது. இத்தனை வருடமும் ஓவனைத் தொடாமலே அவர்களுக்குத் தின்பண்டம் செய்திருக்கிறேன். அதைத் தெரிந்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கப் என்று நான் சொல்வதெல்லாம் 240 மில்லி.

அக்கா, எங்கள் வாடகை வீட்டில் ஓவன் வேலை செய்யவில்லை. பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். முதல் முறை செய்கிறவளுக்கும் சரியாக வருகிற ஒன்று சொல்லுங்கள். (டல்லாஸ்)

பூசணி உருண்டை செய்யுங்கள். நம் ஊர் பொரி உருண்டை பிடிக்கத் தெரிந்தால் இது கைவந்த வேலை. வெல்லப் பாகுக்குப் பதில் மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு மாதிரியான மிட்டாய், நெல் பொரிக்குப் பதில் ரைஸ் கிறிஸ்பீஸ் என்ற டப்பா அரிசிப் பொரி, அவ்வளவுதான் வித்தியாசம். ரைஸ் கிறிஸ்பீஸையும் மார்ஷ்மெல்லோவையும் சேர்க்கும் இந்த முறை 1939இல் மிச்சிகன் மாநிலத்தில் கெல்லாக்ஸ் நிறுவனத்தின் சமையலறையில் வேலை பார்த்த பெண்கள் உருவாக்கியது. நான் போடும் அளவு இது: வெண்ணெய் 3 மேசைக்கரண்டி, மார்ஷ்மெல்லோ 10 அவுன்ஸ் பை ஒன்று (ஏறக்குறைய 280 கிராம்), ரைஸ் கிறிஸ்பீஸ் 6 கப்.

அடி கனமான பெரிய பாத்திரத்தில் வெண்ணெயைச் சின்னத் தீயில் உருக்குங்கள். மார்ஷ்மெல்லோவைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். முக்கால்வாசி கரைந்து நாலைந்து கட்டி மட்டும் மிச்சம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். பாத்திரத்தின் சூட்டிலேயே மீதி கரைந்துவிடும். இப்போது ஜெல் வண்ணம் சேர்க்க வேண்டும்: மஞ்சள் தாராளமாக, சிவப்பு துளித்துளியாக, பழுத்த பரங்கிக்காய் நிறம் வரும் வரை. பொரி சேர்த்தால் நிறம் வெளிறும் என்பதால் பாகு கொஞ்சம் அடர்த்தியான நிறமாகவே இருக்கட்டும். அப்புறம் பொரியைக் கொட்டி, நொறுங்காமல் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள்.

கை பொறுக்கும் சூடு வந்ததும் உள்ளங்கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு எலுமிச்சம்பழ அளவு எடுத்து உருட்டுங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறுக்கினால் கடிக்கும்போது பல் வலிக்கும். பந்து நிற்கிற அளவு அழுத்தினால் போதும். நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி, அதில் காம்புக்கு ஒரு பிரெட்ஸல் குச்சியை (மொறுமொறுப்பான உப்பு பிஸ்கட் குச்சி) பாதியாக ஒடித்துக் குத்துங்கள். இலைக்குப் பச்சை நிற சாக்லேட் மிட்டாய் ஒன்று. பதினைந்து உருண்டை வரும். மொத்தம் அரை மணி நேரம்.

நானும் இதையே போன வருடம் செய்தேன். மறுநாள் கல்லாகிவிட்டது. என்ன தவறு? (டொராண்டோ)

தீ. பத்துக்கு எட்டு முறை தீதான் காரணம். மார்ஷ்மெல்லோ என்பது சர்க்கரைப் பாகையும் ஜெலட்டினையும் காற்றோடு அடித்து எடுத்தது. அதை அதிகச் சூட்டில் வைத்தால் அதிலிருக்கும் ஈரம் போய், பாகு அடுத்த பதத்துக்கு நகர்ந்துவிடும். வெல்லப் பாகை ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் உருண்டை உடைக்க முடியாமல் போவதில்லையா, அதே கதை. 'அவசரம்' என்று தீயைக் கூட்டினால் அது மறுநாள் தெரியும்.

இரண்டாவது காரணம் ஃப்ரிட்ஜ். நானும் முதல் வருடம் பிள்ளைகளுக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தேன். எடுத்தபோது இறுகிக் கிடந்தது, ஒரு குழந்தைக்கும் கடிக்க வரவில்லை. இதற்குக் குளிர் ஆகாது. காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள். மார்ஷ்மெல்லோவும் புதிதாக இருக்க வேண்டும். பையை அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்க வேண்டும். பழசு எத்தனை கிளறினாலும் ஒழுங்காகக் கரையாது.

நாங்கள் சைவம். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறதே? (எடிசன்)

இருக்கிறது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பதில் இருப்பது பெரும்பாலும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்த ஜெலட்டின். சைவ வீட்டுப் பிள்ளைகள் வரும் விருந்தில் இதைச் சொல்லாமல் பரிமாறக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஜெலட்டின் இல்லாத வீகன் மார்ஷ்மெல்லோ இங்கே கிடைக்கிறது. டான்டீஸ் என்பது அதில் ஒன்று. அது கரைய நேரமாகும், முழுக்க வழவழப்பாகவும் வராது. வெண்ணெயை ஒரு கரண்டி கூட்டி, ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி வைத்துக் கரைத்தால் வழிக்கு வரும். புழு மாதிரி இருக்கும் கம்மி மிட்டாய்களிலும் ஜெலட்டின் உண்டு, அதையும் பார்த்து வாங்குங்கள்.

ஹலால் மார்ஷ்மெல்லோ போட்டால் பதம் மாறுமா? (லண்டன், ஹாரோ)

மாறாது. ஹலால் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மாட்டு ஜெலட்டினில் செய்தது, அதே மாதிரிதான் கரையும். உங்கள் ஊரில் பை சின்னதாக இருக்கும், அதனால் எண்ணிப் போடாமல் 280 கிராம் எடை போட்டுக்கொள்ளுங்கள்.

வெல்லப் பாகிலேயே செய்துவிட்டால் என்ன? பிள்ளைகள் சாப்பிடுவார்களா?

தாராளமாகச் சாப்பிடுவார்கள். 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 அன்றே வந்தன. அன்றைக்கு எங்கள் வீட்டில் பூசணி உருண்டையும் பொரி உருண்டையும் ஒரே தட்டில்தான் இருந்தன. அமெரிக்கப் பிள்ளைகள் முதலில் கேட்டு வாங்கியது பொரி உருண்டையைத்தான்.

ஒரு கப் பொடித்த வெல்லத்துக்கு 5 கப் பொரி. வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஏலக்காய் தட்டிப் போட்டுக் காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும், அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் கேட்க வேண்டும். அதுதான் பதம். அதற்கு முன் இறக்கினால் உருண்டை உதிர்ந்துவிடும். மேலே வெள்ளை சாக்லேட்டில் இரண்டு கண் வைத்துவிட்டால் அது குட்டிப் பேய் உருண்டை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: மார்ஷ்மெல்லோவில் பிள்ளைகளைக் கிளறவிடலாம், வெல்லப் பாகில் விடக் கூடாது. கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும். பாகு வேலை பெரியவர்களுடையது, கண் வைக்கும் வேலை பிள்ளைகளுடையது.

மகன் கோதுமை சாப்பிடக் கூடாது. ரைஸ் கிறிஸ்பீஸ் அரிசிதானே?

அரிசிதான், ஆனால் அமெரிக்காவில் விற்பதில் பார்லி மால்ட் சேர்க்கிறார்கள். கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் பார்லியிலும் உண்டு, அதனால் அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது. 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று அட்டையில் எழுதிய அரிசிப் பொரி வாங்குங்கள். இந்தியக் கடைப் பொரியும் சரி, அதன் பையையும் ஒரு முறை படித்துவிடுங்கள். அது நமுத்திருக்கும், வெறும் வாணலியில் ஐந்து நிமிடம் சின்னத் தீயில் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். பிரெட்ஸல் காம்பும் கோதுமை, அதற்குப் பதில் ஒரு சின்னத் துண்டு செலரித் தண்டு வையுங்கள்.

பேய்க்காக வெள்ளை சாக்லேட் உருக்கினேன். மணல் மாதிரித் திரிந்துவிட்டது. (சான் ஹோசே)

தண்ணீர் பட்டிருக்கும். உருகிய சாக்லேட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், அதிலிருக்கும் சர்க்கரை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாம் கட்டி தட்டிவிடும். ஈரக் கரண்டி, கழுவித் துடைக்காத ஸ்ட்ராபெர்ரி, கீழே கொதிக்கும் தண்ணீரின் ஆவி, எது வேண்டுமானாலும் காரணமாகலாம். சாதாரண உணவு வண்ணத்தைச் சேர்த்தாலும் இதேதான் நடக்கும், ஏனென்றால் அது தண்ணீரில் கரைத்தது. சாக்லேட்டுக்கு எண்ணெயில் கரைத்த வண்ணம் என்று தனியாக விற்கிறார்கள். மார்ஷ்மெல்லோவுக்கு எதுவும் சரி, சாக்லேட்டுக்கு அது ஒன்றுதான்.

மைக்ரோவேவில் பாதி சக்தியில் 30 வினாடி, எடுத்துக் கிளறு, மறுபடி 30 வினாடி. வெள்ளை சாக்லேட் சீக்கிரம் கருகும், அதனால் பொறுமை வேண்டும். கெட்டியாக இருந்தால் தண்ணீரோ பாலோ வேண்டாம், ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள். திரிந்ததைத் தூக்கிப் போடாதீர்கள். சூடான பால் தாராளமாக ஊற்றி அடித்தால் சாஸ் ஆகிவிடும், முக்க முடியாது, மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

வாழைப்பழப் பேய் செய்தால் விருந்துக்குள் கறுத்துவிடுகிறது.

பழத்தைக் குறுக்கே பாதியாக வெட்டி, அடியில் குச்சி செருகி, இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். அப்புறம் வெள்ளை சாக்லேட்டில் முழுக்க முக்குங்கள். குளிரில் சாக்லேட் உடனே இறுகும், காற்றுப் படாததால் கறுக்காது. இறுகும் முன் சாக்லேட் சிப்ஸ் இரண்டைக் கண்ணாக ஒட்டிவிட வேண்டும், அதற்குப் பத்து வினாடிதான் கிடைக்கும். பரிமாறும் வரை ஃப்ரீசரிலேயே இருக்கட்டும்.

எல்லாமே இனிப்பாக இருக்கிறதே அக்கா. அன்றைக்கு எப்படியும் பை நிறைய மிட்டாய் வாங்கி வரப்போகிறார்கள்.

சரியாகச் சொன்னீர்கள். அதனால்தான் எங்கள் வீட்டில் ஒரு இனிப்புக்கு இரண்டு உப்புப் பண்டமாவது வைப்பேன். சூனியக்காரி துடைப்பம்: ஸ்ட்ரிங் சீஸை மூன்று துண்டாக்கி, ஒவ்வொன்றின் அடியையும் நார் நாராகக் கிழித்து, மேலே பிரெட்ஸல் குச்சி செருகி, கழுத்தில் வெங்காயத்தாள் ஒன்றைக் கட்டினால் ஆயிற்று. குச்சி சீஸின் ஈரத்தில் நமுத்துப்போகும், அதனால் கடைசி அரை மணியில் செருகுங்கள். இன்னொன்று, தோல் உரித்த கமலா ஆரஞ்சின் நடுவில் செலரித் துண்டு. வேறு ஒன்றும் வேண்டாம், பார்த்தால் அச்சு அசல் பரங்கிக்காய்.

இரண்டு வயது குழந்தையும் வருகிறது. என்ன கொடுக்கலாம்?

மார்ஷ்மெல்லோ, முழுத் திராட்சை, பாப்கார்ன், கொட்டைகள், கெட்டி மிட்டாய் எதையும் நான்கு வயதுக்குள் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பூசணி உருண்டையின் காம்பும் இலை மிட்டாயும் கூட அப்படித்தான். சுளையைச் சின்னதாக வெட்டிய ஆரஞ்சு, மசித்த வாழைப்பழம், நீளவாக்கில் நாலாக வகிர்ந்த திராட்சை கொடுங்கள். அந்தத் தட்டைத் தனியாக உயரத்தில் வையுங்கள், பெரிய பிள்ளைகள் பாசத்தில் தங்கள் மிட்டாயை ஊட்டிவிடுவார்கள், அதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பையன் ஒருவன் வருகிறான். அவன் அம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படவே வேண்டாம், உடனே கேளுங்கள். அந்த அம்மா ஒவ்வொரு விருந்துக்கும் பயந்துகொண்டே பிள்ளையை அனுப்புகிறார். நீங்களாகக் கேட்டால் அவருக்கு எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும், என் தங்கை மகனுக்கும் அது உண்டு. அன்றைக்கு வேர்க்கடலை வெண்ணெய் ஜாடியைச் சமையலறையிலேயே திறக்காதீர்கள். வாங்கிய எல்லா அட்டைகளையும் எடுத்து வைத்து அவரிடம் காட்டுங்கள். கண்ணுக்கு ஒட்டும் மிட்டாயில்கூட 'வேர்க்கடலை இருக்கலாம்' என்று எழுதியிருக்கும். எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் எள்ளையும் அட்டையில் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் இருப்பதால் அது தெரிந்துவிடும்.

வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி வைத்த வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். உணவு அல்லாத சின்னப் பரிசும் இங்கே உண்டு என்பதற்கு அடையாளம் அது. அந்தப் பையனுக்காக நீங்களும் ஒன்று வைக்கலாம்.

செய்ததைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா? வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கு?

பள்ளிக்கு ஆசிரியரிடம் கேட்காமல் வேண்டாம். வீட்டில் செய்ததை வாங்காத பள்ளிகள் நிறைய. வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிய, உறை பிரிக்காத மிட்டாய் மட்டும். உங்களைத் தெரியாத பெற்றோர் வீட்டுப் பண்டத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவார்கள்.

இருபத்தைந்து பேர். வேலை முடிந்து வர ஐந்து மணி ஆகும். உருட்ட நேரமில்லை. (சார்லட்)

கல்லறைக் கோப்பை. 3.9 அவுன்ஸ் இன்ஸ்டன்ட் சாக்லேட் புட்டிங் பாக்கெட் ஒன்றுக்கு 2 கப் குளிர்ந்த பால், இரண்டு நிமிடம் அடித்தால் ஐந்து நிமிடத்தில் கெட்டியாகும். சின்னக் கோப்பையில் ஆறு பேருக்கு வரும், உங்களுக்கு ஐந்து பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரியோ பிஸ்கட்டைப் பையில் போட்டுக் கட்டையால் தட்டினால் கறுப்பு மண். அதை மேலே தூவி, நீள பிஸ்கட் ஒன்றை நட்டால் நடுகல். சோயா பாலில் செய்யாதீர்கள், இந்தப் புட்டிங் மாட்டுப் பாலில்தான் சரியாக இறுகும். முந்தின இரவே ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மண்ணும் கல்லும் மட்டும் பிள்ளைகள் வந்ததும் அவர்களையே வைக்கச் சொல்லுங்கள். பால் பண்டம் என்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். 'குழந்தை சாப்பிடுகிறதில் பேய், கல்லறை எல்லாம் எதற்கு?' என்று வருத்தப்படுகிறார். என்ன சொல்வது?

அவர் வருத்தம் நியாயமானது, மறுத்துப் பேசாதீர்கள். இது அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்து ஆட்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது கொண்டாடிய பழைய நாளிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். செத்தவர்கள் அன்று திரும்பி வருவார்கள் என்று நம்பினார்கள். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், அமெரிக்கா வந்த பிறகு பரங்கிக்காய் கிடைத்தது. முன்னோருக்குப் படைக்கும் மகாளய அமாவாசை நமக்கும் உண்டு, அவருக்குப் புரியும். அப்புறம் கல்லறையை விட்டுவிட்டுப் பூசணி உருண்டையை மட்டும் செய்யுங்கள். உருட்டுவதற்கு அவரையே கூப்பிடுங்கள். பொரி உருண்டை பிடித்துப் பழகிய கை, நம்மைவிட நன்றாக வரும்.

எத்தனை நாள் முன்னால் செய்து வைக்கலாம்?

பூசணி உருண்டையை முந்தின நாள் மாலை. அன்றே செய்தால் இன்னும் நல்லது, இரண்டு நாளைக்கு மேல் ருசி போய்விடும். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அடுக்குக்கு நடுவே வெண்ணெய்த் தாள் போடுங்கள். காம்பையும் இலையையும் அன்றைக்குக் காலையில் குத்தினால் போதும்.