போஸ்ட்மார்ட்டம் கூடத்துக்குள் விடுவார்களா?

அன்புள்ள அம்மா,
கால்நடை உயிர்மருத்துவ அறிவியல் இளநிலைப் படிப்புக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று தரவரிசையில் முன்னால் நிற்பது, புதுக் கட்டடம், நல்ல விடுதி. மற்றது பழையது, அவ்வளவாகப் பெயரில்லாதது. ஆனால் கால்நடை மருத்துவமனையும் அதே வளாகத்தில் இருக்கிறது. எதில் சேரட்டும்? முடித்ததும் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

டாக்டர் என்று போட முடியாது. இது ஆய்வகத்துக்கான படிப்பு. மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் கால்நடை மருத்துவப் பட்டமும் பதிவும் வேண்டும். சேரப்போகிற நேரத்தில்கூட இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறீர்களே! பாடத்திட்டத்தை இன்றே உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். விடுதியெல்லாம் பழகிவிடும், விடுங்கள்.

பல தரவரிசைகளில் ஆய்வுக் கட்டுரைகளுக்கு நல்ல மதிப்பெண் உண்டு. அவற்றை எழுதிய பேராசிரியர் உங்கள் கையில் கத்தியைக் கொடுப்பாரா என்பது அதில் தெரியாது. எனக்கு அதுதான் முக்கியம். அங்கே போஸ்ட்மார்ட்டம் கூடம் இருக்கிறதா, இளநிலை மாணவர்களை உள்ளே விடுகிறார்களா?

என் ஆசிரியை ஓர் ஈரலை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். யாராவது நோயின் பெயரைச் சொன்னால் கோபம் வந்துவிடும். "நிறம் சொல்லு, ஓரம் கூராக இருக்கா மழுங்கியிருக்கா சொல்லு, பெயர் அப்புறம்" என்பார். இன்றைக்கும் ஒரு அறிக்கை கைக்கு வந்தால் அவர் குரல்தான் முதலில் கேட்கிறது.

தெற்காசியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது ஏதோ தொற்றுநோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். செத்த பறவைகளைத் திறந்தால் உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தடத்தைப் பிடித்துப் போனதில், மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மாட்டிக்கொண்டது. மருந்து உடம்பில் இருக்கும்போதே செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் மடிந்திருக்கின்றன. 2004இல் ஆய்வு வெளியானது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தது. திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லையென்றால் இன்னும் எத்தனை வருடம் கிருமியைத் தேடியிருப்பார்கள்?

இரண்டு கல்லூரிக்கும் எழுதிக் கேளுங்கள். எந்த ஆண்டிலிருந்து மாணவர்களே மாதிரி எடுத்து, ஸ்லைடு செய்து, அறிக்கை எழுதுகிறார்கள்? சேர்ந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போடச் சொல்வார்களா? ஆம் என்றால் விலங்குகளுக்குப் பக்கத்தில் விடப்போகிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். புதுக் கல்லூரி இதற்கெல்லாம் நல்ல பதில் சொன்னால் அங்கேயே சேருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. பதில் வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.