கேளுங்க சொல்றோம்: மியூசியம் பொருள்களைப் பாதுகாக்கிறது எப்படி?

போன இதழ்ல மியூசியம் பொருள்களைப் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொன்னோம், நிறைய கேள்வி வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணாச் சேர்த்து பதில் சொல்லியிருக்கேன்.

பெரிய மியூசியங்கள்ல இருக்கிறதுல பாதிய கூட கண்ணுல காட்ட மாட்டாங்களாமே, உள்ள பூட்டி வெச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?

பாதியா? பிரிட்டிஷ் மியூசியத்துல சுமார் 80 லட்சம் பொருள் இருக்கு, பார்வைக்கு வெச்சிருக்கிறது 80,000 தான், அதாவது நூத்துல ஒண்ணு. கேட்டா கோவம் வரத்தான் செய்யும், ஆனா மீதி இருக்கிறதுல ஏகப்பட்டது பானை ஓடு, நாணயம், அச்சுப்படம், இதெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்களுக்குத்தான் தங்கம், நாம கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தா ரெண்டு நிமிஷத்துல போரடிச்சிடும். அதை விட பெரிய காரணம் வெளிச்சம். துணி, காகிதம், வாட்டர்கலர் ஓவியம் இதுலெல்லாம் ஒரு தடவை வெளுத்த சாயம் வெளுத்ததுதான், எந்த கன்சர்வேட்டராலயும் (பழைய பொருளைப் பழுது பார்த்துப் பாதுகாக்கிற நிபுணர்) திருப்பிக் கொண்டுவர முடியாது. அதனாலதான் இந்த மாதிரி பொருளுக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ்னா ஒரு பொருள் மேல விழுற வெளிச்சத்தை அளக்கிற அளவு) மேல வெளிச்சம் கூடாதுன்னு வெச்சிருக்காங்க, அதையும் சில மாசம் காட்டிட்டு உள்ள எடுத்து வெச்சிடுவாங்க. "என்னங்க இவ்ளோ இருட்டா இருக்கு"ன்னு திட்டாதீங்க, 500 லக்ஸ்ல ஒரு மணி நேரம் வெச்சா ஆகுற சேதம் 50 லக்ஸ்ல பத்து மணி நேரம் வெச்சாத்தான் ஆகும்.

அப்போ போட்டோ ஃபிளாஷ் அடிச்சா ஓவியம் கெட்டுடுமா?

ஒண்ணு ரெண்டு ஃபிளாஷ்ல ஒண்ணும் ஆகாது. பக்கத்துல நிக்கிறவங்க கண்ணுதான் கெடும், என்னைக் கேட்டா தடை போட அந்த ஒரு காரணமே போதும்.

பழைய வெண்கலச் சிலை ஒண்ணு கைக்கு வந்திருக்கு, பச்சையா களிம்பு பிடிச்சிருக்கு, நல்லா தேய்ச்சு பளபளன்னு ஆக்கிடலாமா?

தயவு செஞ்சு கைய வைக்காதீங்க! இந்தக் கேள்விதான் அதிகமா வந்திருக்கு, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். பச்சையில ரெண்டு ரகம் இருக்கு. கரும்பச்சையா, வழவழன்னு, நகத்தால கீறினாலும் வராம மேல ஒட்டிக் கிடந்தா அது சிலையைக் காப்பாத்துற படலம், அதைத் தேய்ச்சு எடுத்தா கூடவே மூக்கு, விரல், நகைல இருக்கிற நுணுக்க வேலையெல்லாம் கரைஞ்சு போகும், பல நூறு வருஷத் தகவலும் போச்சு. இன்னொன்னு வெளிர் பச்சை, மாவு மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும், தொட்டா உதிரும், சிலை நின்ன இடத்துல கீழயே பச்சைத் தூள் கொட்டியிருக்கும். இதுக்குப் பேரு வெண்கல நோய். நோய்னதும் பூஞ்சை, கிருமின்னு நினைச்சுக்காதீங்க, இது முழுக்க உப்பு பண்ற வேலை. மண்ணுக்குள்ளயோ கடல்லயோ கிடந்தப்போ உப்புலேர்ந்து உள்ள புகுந்த குளோரைடு செம்போட சேர்ந்து உக்காந்திருக்கும், காத்துல ஈரம் பட்டதும் அது இந்த பச்சைத் தூளா மாறும், அப்படி மாறும்போது ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வெளிய வரும், அந்த ஆசிட் திரும்பவும் உள்ள இருக்கிற நல்ல செம்பைத் தின்னும், இப்படியே சுத்திச் சுத்தி நடந்து கடைசில சிலையே பொடியாகிடும். வைத்தியத்துல முதல் வேலை ஈரத்தை எடுக்கிறது. மூடி டைட்டா இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவுல ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் நிறைய போட்டு, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ இருக்கான்னு மீட்டர் வெச்சுப் பார்த்து, சிலைய உள்ள வெச்சிடுங்க. அப்புறம் மெட்டல் தெரிஞ்ச ஒரு கன்சர்வேட்டர்கிட்ட காட்டுங்க. எலுமிச்சை, வினிகர், கடையில விக்கிற பாலிஷ் எதுவும் வேணாம்.

சின்னதா ஒரு மியூசியம் ஆரம்பிக்கிறோம், பொருளை கணக்கு வைக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது?

சாஃப்ட்வேர் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல கெட்டி அட்டை போட்ட ஒரு ரெஜிஸ்டர் வாங்குங்க. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர், 2024.7.3ன்னா 2024ல வந்த ஏழாவது வரவுல மூணாவது பொருள், அவ்ளோதான். யார் கொடுத்தாங்க, இனாமா இரவலா, என்ன நிலைமையில வந்துச்சு, இப்போ எந்த அலமாரில எந்தத் தட்டுல இருக்குங்கிறது வரைக்கும் எழுதுங்க, இடம் மாத்தினா அன்னிக்கே மாத்தி எழுதணும், "நாளைக்கு எழுதிக்கலாம்"னு விட்ட பொருள்தான் காணாமப் போகும். 2023 ஆகஸ்ட்ல பிரிட்டிஷ் மியூசியத்துல சுமார் 2,000 பொருள் திருடு போயும் காணாமப் போயும் சேதமாயும் இருக்குன்னு வெளிய வந்து, டைரக்டர் ஹார்ட்விக் ஃபிஷரே பதவி விலகினாரு, அதுல நிறையப் பொருள் சரியா பதிவே ஆகாம கிடந்தது. பதிவே இல்லாத பொருள் போனா போனதே தெரியாது, கிடைச்சாலும் இது எங்களோடதுன்னு நிரூபிக்க முடியாது.

நம்பரை பொருள் மேல எழுதுறதுக்கும் ஒரு முறை இருக்கு. ஸ்டிக்கர், செல்லோடேப் ரெண்டும் கூடாது, பசை கறை பிடிச்சிடும். கல், மண்பாண்டம், உலோகத்துக்கு அசிட்டோன்ல கரைச்ச பேரலாய்ட் பி-72ங்கிற நிறமில்லாத பிசினை கண்ணுக்கு சட்டுனு படாத இடத்துல நகப் பாலிஷ் மாதிரி ஒரு சின்னக் கோடு போட்டு, காஞ்சதும் அது மேல மை வெச்சு பொடி எழுத்துல நம்பர் எழுதி, அதுக்கு மேல இன்னொரு பூச்சு. வேணாம்னா அசிட்டோன் தொட்டு எடுத்திடலாம், பொருளுக்கு ஒண்ணும் ஆகாது. பிளாஸ்டிக் சாமான்ல மட்டும் இதைப் பண்ணிடாதீங்க, அசிட்டோன் அதையே கரைச்சிடும். துணின்னா நம்பர் எழுதின பருத்தி நாடாவ ரெண்டு தையல் போட்டு வைங்க, காகிதம்னா பின்னாடி மூலைல 2பி பென்சில், பேனா வேண்டவே வேண்டாம்.

கம்பளித் துணியில பூச்சி, மருந்து அடிக்கலாமா?

அடிக்காதீங்க, சாயத்தோட என்ன பண்ணும்னு சொல்ல முடியாது, தொடுற ஆளுக்கும் நல்லதில்ல. (அந்தக் காலத்துல பாடம் பண்ணின மிருகங்கள்ல ஆர்செனிக் விஷம் தடவியிருப்பாங்க, பழசு எதையாவது எடுத்தா நைட்ரைல் கிளவுஸ் போட்டுக்கோங்க.) பாலித்தீன் பையில போட்டு, முடிஞ்ச வரைக்கும் காத்தை வெளியேத்தி சீல் பண்ணி, மைனஸ் 30 டிகிரில மூணு நாள், இல்ல மைனஸ் 20ல ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல வைங்க, முட்டை முதற்கொண்டு செத்துடும். வெளிய எடுத்ததும் ஆர்வத்துல பையைப் பிரிச்சிடாதீங்க, ஒரு நாள் முழுசா அப்படியே விடணும், இல்லாட்டி துணி மேல தண்ணி கோத்துக்கும். ஓவியம், கண்ணாடி, தந்தம் இதெல்லாம் ஃப்ரீசர் பக்கமே போகக் கூடாது.

உடைஞ்சதை ஒட்ட எந்த பசை ஸ்ட்ராங்?

ஸ்ட்ராங்கா இருக்கவே கூடாதுங்க, பின்னாடி வேணும்னா பொருளுக்குச் சேதமில்லாம எடுக்க முடியணும். 2014ல கெய்ரோவுல பழைய எகிப்து ராஜா துட்டன்காமுனோட தங்க முகமூடித் தாடி கழண்டு வந்துச்சு, அவசரத்துல எபாக்ஸிங்கிற கெட்டிப் பசையைப் போட்டு ஒட்டிட்டாங்க, பசை முகத்துல வழிஞ்சு நின்னதைப் பார்த்து உலகமே கத்துச்சு. அடுத்த வருஷம் ஒரு குழு மரக்கருவிய வெச்சு அந்த எபாக்ஸியைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து தேன்மெழுகால திரும்ப ஒட்டினாங்க. உங்க கையில பசையே இல்லாட்டி இன்னும் நல்லது, உடைஞ்ச துண்டு எல்லாத்தையும் ஒண்ணு விடாம பொறுக்கி தனித்தனியா டிஷ்யூல சுத்தி, ரெஜிஸ்டர்ல இருக்கிற அதே நம்பரை எழுதி ஒரே டப்பாவுல போட்டு வைங்க, எத்தனை வருஷம் வேணா காத்திருக்கும்.