பருமனும் கொலஸ்ட்ராலும் பரம்பரையா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மருந்து எழுதித் தருவது மருத்துவர் வேலை. மரபணு பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து: அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லோருக்கும் தொப்பை. நான் 94 கிலோ. எங்கள் ஜீனே இப்படித்தானா மேடம்?

கொஞ்சம் ஜீன்தான் தம்பி. எஃப்.டி.ஓ என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் பருமனோடு சேர்ந்து வருவதை 2007-இல் கண்டுபிடித்தார்கள். அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என இரண்டு பிரதியிலும் அந்த மாற்றம் இருந்தவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். மூன்றே கிலோ! இப்படி நூற்றுக்கணக்கான மாற்றங்கள் உண்டு. பெரும்பாலானவற்றின் பங்கு இதைவிடச் சிறியது. இவற்றில் பல பசியையும் வயிறு நிறைந்த உணர்வையும் தொடுபவை. அதனால் உங்களுக்குப் பசி அதிகம் என்றால் அதை மனவுறுதிக் குறைவு என்று யாரும் ஏச வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் தாத்தாவுக்கும் இதே ஜீன்தான். நாற்று பறித்து, சேற்றில் நின்று, வரப்போரம் நாலு மைல் நடந்தவர் உடம்பில் அது வெளியே தெரியவில்லை. இப்போது நடவுக்கும் மெஷின், அறுப்புக்கும் மெஷின், மோட்டார் போடக்கூட பைக். சோறு மட்டும் பழைய அளவு. உடல் உழைப்பு உள்ளவர்களிடம் எஃப்.டி.ஓ-வின் தாக்கம் குறைவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

திருவையாற்றிலிருந்து: எச்சில் அனுப்பினால் ஜீன் பார்த்து டயட் தருகிறார்களாமே, செய்யலாமா?

வேண்டாம்மா. அந்தப் பணத்தில் வீட்டில் எல்லோருக்கும் ரத்தக் கொழுப்பைப் பார்க்கும் லிப்பிட் டெஸ்ட் எடுத்துவிடலாம்.

கும்பகோணத்திலிருந்து: வயது 34, எடை 58 கிலோ, சைவம். எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 228 வந்திருக்கிறது. அப்பா 46 வயதில் மாரடைப்பில் இறந்தார். மனைவி எனக்கு மாமன் மகள். பையனுக்கு 6 வயது. பயமாக இருக்கிறது அக்கா.

தம்பி, இதைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் தைராய்டு பாருங்கள், அது குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். அது சரியாக இருந்தால், பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். கல்லீரலில் எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு. இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிக்கான மரபணுவில் ஒரு பிரதி பழுதானாலே கொலஸ்ட்ரால் பிறவியிலிருந்து ரத்தத்தில் தேங்கும். உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஒல்லியாக இருப்பதோ கறி தின்னாததோ இதைத் தடுக்காது. மாத்திரை வேண்டியிருக்கும். சொன்னால் எடுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள்.

சொந்தத்தில் கல்யாணம் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பழுது அப்பா வழி வந்திருந்தால் மாமன் மகளுக்கு இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் நம் பக்கம் உங்கள் அப்பா அம்மாவே சொந்தமாக இருந்திருக்கலாம். கணவன் மனைவி இருவருக்கும் பழுது இருந்தால், பிள்ளை இரண்டையும் வாங்கிவர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு முட்டி, முழங்கை, குதிகாலில் மஞ்சள் நிறக் கட்டிகள் வரும். சின்ன வயதிலேயே மாரடைப்பும் வரலாம். மனைவி, பையன், உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் டெஸ்ட் எடுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: எல்.டி.எல். நார்மல், ட்ரைகிளிசரைடு என்கிற இன்னொரு ரத்தக் கொழுப்பு 310. எண்ணெயை விட்டேன், குறையவில்லை.

எண்ணெயைவிடச் சோறு, சர்க்கரை, மது மூன்றும்தான் இதை அதிகம் ஏற்றும் ஐயா. ஏ.பி.ஓ.ஏ.5 மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு இன்னும் சுலபமாக ஏறும். இரவுச் சோற்றைப் பாதியாக்குங்கள், மீனைக் குழம்பாகச் சாப்பிடுங்கள். 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயம் உண்டு. அப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து மீண்டும்: எடுத்துவிட்டோம் அக்கா. மனைவிக்கு 98, பையனுக்கு 91. தங்கைக்கு 211. அவளுக்கு வைகாசியில் கல்யாணம்.

மனைவிக்கும் பையனுக்கும் இல்லை போலிருக்கிறது, மனசு லேசாயிற்று. தங்கைக்குக் கல்யாணம் நிற்க வேண்டிய காரியமே இல்லை. மாப்பிள்ளை சொந்தமென்றால் அவருக்கும் ஒரு டெஸ்ட். கொலஸ்ட்ரால் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.