புறாவின் வாயில் மஞ்சள் படிவு: கையால் எடுக்காதீர்கள்

கேள்வி: பால்கனிக்கு வரும் புறாக்களுக்குத் தானியமும் தண்ணீரும் வைக்கிறேன். இரண்டு நாளாக ஒரு புறா இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. தானியத்தைக் கொத்துகிறது, விழுங்க முடியாமல் கீழே போட்டுவிடுகிறது. வாய்க்குள் மஞ்சளாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்? குழந்தைக்குத் தொற்றுமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வரும் தொண்டை நோயாக இருக்கலாம். புறா வளர்ப்பவர்கள் இதைக் கேன்கர் என்பார்கள். இது மனிதர்களுக்குத் தொற்றாது. ஆனால் புறா எச்சத்தில் வேறு கிருமிகள் இருக்கலாம். அதனால் காய்ந்த எச்சத்தைப் பெருக்காதீர்கள். நனைத்துத் துடையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நகரத்துப் புறாக்களில் பல, நோயே தெரியாமல் இந்த ஒட்டுண்ணியைச் சுமக்கின்றன. குஞ்சுக்கு இது புறாப்பால் (தாயும் தந்தையும் தொண்டைப் பையில் சுரந்து ஊட்டுவது) வழியாகவே போய்விடுகிறது. பெரிய புறாக்களுக்குப் பரவுவது பெரும்பாலும் தண்ணீர்த் தட்டிலும் தானியத்திலும்தான். உங்கள் புறா கீழே போட்ட தானியத்தைக் கவனித்தீர்களா? எச்சில் ஈரத்தோடு கிடக்கும் அதை அடுத்த புறா வந்து பொறுக்கித் தின்னும். அவ்வளவு போதும்.

இந்த ஒட்டுண்ணிக்கு முட்டையோ கெட்டியான உறையோ கிடையாது. ஈரம் போனால் செத்துவிடும். எனவே இன்றே தட்டுகளை எடுத்துவிடுங்கள். சிந்திய தானியத்தை நனைத்து அள்ளி, தட்டுகளைப் பிளீச்சிங் கரைசலில் கழுவி, நன்றாக அலசி, முழுக்கக் காய வையுங்கள். குறைந்தது இரண்டு வாரம் எதுவும் வைக்க வேண்டாம். பசியோடு வரும் புறாக்களைப் பார்க்க மனம் கேட்காது, தெரியும். ஆனாலும் கூட்டம் கலைந்தால்தான் நோய் நிற்கும்.

சரி, நோயுற்ற புறா? துண்டால் மெதுவாக மூடிப் பிடித்து, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அந்த மஞ்சள் படிவைச் சுரண்டவே கூடாது. பாலாடைக்கட்டி போல இருந்தாலும் சதையோடு ஒட்டியிருக்கும். பிய்த்தால் ரத்தம் கொட்டும். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அம்மை, பூஞ்சைத் தொற்று, வைட்டமின் ஏ குறைபாடு ஆகியவற்றாலும் வாயில் இப்படித் தோன்றலாம். மருத்துவர் தொண்டையிலிருந்து ஈரமாக எடுத்த மாதிரியை உடனே நுண்ணோக்கியில் பார்ப்பார்; உயிரோடு துடிக்கும் ஒட்டுண்ணி தெரிந்தால் பெரும்பாலும் இந்த நோய்தான். மெட்ரோனிடசோல் வகை மருந்துகள் நன்றாகக் கேட்கும். ஆனால் ஒரு புறாவின் எடை சுமார் 300 கிராம்தான். வீட்டிலிருக்கும் மாத்திரையை உத்தேசமாக உடைத்துக் கொடுக்காதீர்கள், எல்லாப் புறாக்களுக்குமாகத் தண்ணீரிலும் கலக்காதீர்கள். எது எவ்வளவு குடித்தது என்று தெரியாது. அரைகுறை அளவு போனால் மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணிதான் மிஞ்சும்.